நன்றி சொன்னதற்கு 3 ஆட்டத் தடை: கவானி வழக்கும் 'நெக்ரித்தோ' என்ற சொல்லும்

2020 நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. சௌத்தாம்ப்டனின் செயின்ட் மேரிஸ் மைதானத்தில் இடைவேளையின்போது மான்செஸ்டர் யுனைடெட் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் உருகுவே நாட்டு முன்கள வீரர் எடின்சன் கவானி இறங்கினார். புருனோ ஃபெர்னாண்டஸின் கோலுக்குப் பந்தை எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். அடுத்த இரண்டு கோல்களையும் தலையால் முட்டிப் போட்டவரும் அவர்தான். கடைசி கோல் 90 நிமிடம் தாண்டி விழுந்தது. யுனைடெட் 3-2 என வென்றது.

ஆட்டம் முடிந்ததும் நண்பர் ஒருவர் இன்ஸ்டாகிராமில் வாழ்த்து அனுப்பினார். அதைத் தன் ஸ்டோரியில் பகிர்ந்த கவானி இரண்டே சொற்களில் பதில் போட்டார்: 'கிராசியாஸ், நெக்ரித்தோ'. கிராசியாஸ் என்றால் நன்றி. நெக்ரித்தோவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சின்னக் கருப்பா' என்று வரும். கவானியின் சொந்த ஊரான சால்ட்டோவில் அதைக் கேட்பவருக்கு 'தேங்க்ஸ்டா மச்சான்' என்பதற்கு மேல் எதுவும் தோன்றாது.

அந்தச் சொல் இங்கிலாந்தில் எப்படிப் படிக்கப்படும் என்று கிளப் தெரிவித்ததும் கவானி பதிவை நீக்கினார். நண்பருக்கு அன்போடு சொன்ன நன்றி அது, யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை, இனவெறியை முழுமையாக எதிர்க்கிறேன் என்று மறுநாளே அறிக்கையும் விட்டார். விஷயம் அதோடு முடியவில்லை. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் டிசம்பர் 17 அன்று அவர்மீது குற்றம் சாட்டியது. டிசம்பர் 31 அன்று தண்டனை வந்தது: 3 ஆட்டத் தடை, 1,00,000 பவுண்ட் அபராதம், நேரில் உட்கார வைத்து ஒரு பயிற்சி. ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான லீக் ஆட்டம், மான்செஸ்டர் சிட்டியுடனான லீக் கோப்பை அரையிறுதி, வாட்ஃபோர்டுடனான எஃப்.ஏ. கோப்பை ஆட்டம் என மூன்றிலும் அவர் ஆடவில்லை.

கவானி தண்டனையை ஏற்றுக்கொண்டார். ஆங்கில மொழியின் வழக்கங்களுக்கு நான் அந்நியன். உங்கள் பார்வையை நான் பகிரவில்லை. யாருக்காவது வலித்திருந்தால் மன்னியுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதால்தான் இந்த வழக்கை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உருகுவேயில் அந்தச் சொல்

ஸ்பானிய மொழியில் 'நெக்ரோ' என்பது முதலில் ஒரு நிறத்தின் பெயர். கருப்புச் சட்டை, கருப்புப் பூனை என்று எதைச் சொல்ல வேண்டுமானாலும் அதே சொல்தான். அதோடு 'இத்தோ' சேர்த்தால் செல்லப் பெயராகிவிடும். உருகுவேயிலும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புவனோஸ் ஐரஸிலும் உடம்பை வைத்துப் பெயர் சூட்டுவது அன்றாடப் பழக்கம். 'கொர்தோ' என்றால் குண்டன், 'ஃப்ளாக்கோ' என்றால் ஒல்லிப்பிச்சான். மனைவி தன் கணவரைக் கொர்தோ என்று கூப்பிடுவாள்; அவர் குச்சிபோல இருந்தாலும் கூப்பிடுவாள். நெக்ரோவும் நெக்ராவும் அப்படித்தான் புழங்குகின்றன. கூப்பிடப்படுபவர் கருப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

பொதுவாழ்விலும் இதைப் பார்க்கலாம். 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் மாரக்கானா மைதானத்தில் பிரேசிலை 2-1 என வீழ்த்திய உருகுவே அணியின் தலைவர் ஒப்துலியோ வரேலா. அவரை இன்றுவரை 'எல் நெக்ரோ ஹெஃபே', அதாவது 'கருப்புத் தலைவர்' என்றே நாடு நினைவுகூர்கிறது. அர்ஜென்டினாவின் மக்கள் பாடகி மெர்செதெஸ் சோசாவை ரசிகர்கள் 'லா நெக்ரா' என்றார்கள். இரண்டிலும் மரியாதைதான் இருக்கிறது.

ஆகவே தீர்ப்பைக் கேட்டு உருகுவே கொதித்ததில் வியப்பில்லை. அந்நாட்டின் தேசிய எழுத்துக் கழகம், அதாவது மொழி விஷயத்தில் அங்கே அதிகாரபூர்வமான அமைப்பு, இங்கிலாந்து சங்கம் பெரும் அநீதி செய்துவிட்டது என்றும் ஸ்பானிய மொழியின் சூழலும் நுணுக்கமும் தெரியாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்றும் அறிக்கை வெளியிட்டது. வீரர்கள் சங்கம் ஒரு படி மேலே போய், இந்தத் தீர்ப்புதான் உருகுவே மக்களின் பண்பாட்டை இழிவுபடுத்தும் பாகுபாடு என்றது.

இங்கிலாந்தின் காது

ஆங்கிலத்தில் இருக்கும் 'நீக்ரோ' ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் கொடுத்த கடன்தான். ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்ற வணிகத்தோடு சேர்ந்தே அந்தச் சொல்லும் கப்பலேறி ஆங்கிலத்துக்கு வந்தது. 1713ஆம் ஆண்டு உட்ரெக்ட் உடன்படிக்கையில் ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அடிமைகளை விற்கும் உரிமை பிரிட்டனுக்குக் கிடைத்தது. 30 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 4,800 'உருப்படி' வீதம் கொண்டுவந்து இறக்கலாம் என்பது ஒப்பந்தம். மனிதர்களை அப்படித்தான் எண்ணினார்கள். அந்த உரிமையைப் பெற்ற தென்கடல் கம்பெனி புவனோஸ் ஐரஸிலேயே ஒரு கிடங்கு வைத்திருந்தது. உருகுவேயின் தலைநகர் மோன்தேவிதேயோ அதற்கு நேர் எதிர்க்கரை. 2020இல் ஒரே சொல்லை நடுவில் வைத்துச் சண்டையிட்ட இரு நாடுகளையும் அந்தச் சொல்லின் வரலாறு ஏற்கெனவே ஒரே ஆற்றின் கரையில் சந்திக்க வைத்திருக்கிறது. அந்த வாரங்களில் நடந்த சூடான விவாதங்களில் இதைப் பேசியவர்கள் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

அதன்பின் சொல் இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது. அமெரிக்காவில் 'நீக்ரோ' என்பது 1960களின் நடுப்பகுதி வரை கண்ணியமான சொல். மார்ட்டின் லூதர் கிங் 1963இல் வாஷிங்டனில் ஆற்றிய பேருரையில் தன் மக்களை அந்தப் பெயராலேயே குறித்தார். சில ஆண்டுகளில் அந்த மக்களே அதைத் தள்ளிவிட்டு வேறு பெயரை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க மத்தியச் சட்டங்களில் மிச்சமிருந்த இடங்களிலிருந்து 2016இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. தமிழுக்கு அது ஆங்கிலம் வழியாக வந்தது. நம் பத்திரிகைகளும் பாடநூல்களும் எந்தத் தயக்கமும் இல்லாமல் நெடுங்காலம் 'நீக்ரோக்கள்' என்று எழுதின. அந்த மக்கள் அந்தப் பெயரைக் கைவிட்ட செய்தி நம்மிடம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்துக் கால்பந்துக்கு இதில் தனியாக ஒரு காயமும் உண்டு. 1980களில் ஜான் பார்ன்ஸ் போன்ற கருப்பின வீரர்கள்மீது பார்வையாளர்கள் வாழைப்பழம் எறிந்த மைதானங்கள் அவை. 2020 ஜூன் முதல், ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிறகு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வீரர்கள் முழந்தாளிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் நடந்தது. கவானியின் பதிவுக்கு 19 நாள் முன்பு, அதாவது நவம்பர் 10 அன்று, கால்பந்துச் சங்கத்தின் தலைவர் கிரெக் கிளார்க் நாடாளுமன்றக் குழுமுன் கருப்பின வீரர்களைக் 'கலர்ட்' என்று குறிப்பிட்டுவிட்டு அன்றே பதவி விலகினார். அமெரிக்காவில் வேலை பார்த்தபோது 'நிறமுள்ள மக்கள்' என்று சொல்லப் பழகியதால் வாய் தவறிவிட்டது என்பது அவர் தந்த விளக்கம். தன் தலைவரையே ஒரு சொல்லுக்காக இழந்த அமைப்பு, மூன்று வாரம் கழித்து ஒரு வீரரின் சொல்லை லேசாக விட்டுவிடும் என்று எதிர்பார்த்திருக்க முடியாது.

ஒன்பது ஆண்டு முன்பு, அதே ஊர்க்காரர்

லூயிஸ் சுவாரஸும் சால்ட்டோவில் பிறந்தவர். கவானியைவிட மூன்று வாரம் மூத்தவர். 2011 அக்டோபர் 15 அன்று லிவர்பூலுக்காக ஆடிக்கொண்டிருந்த அவருக்கும் மான்செஸ்டர் யுனைடெடின் பட்ரீஸ் எவ்ராவுக்கும் கோல்முனையில் ஸ்பானிய மொழியில் வாய்த்தகராறு. அதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 115 பக்கம். ஒரே சொல்லை ஒரு நீதிமன்றம் எவ்வளவு நெருக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

எவ்ராவின் தரப்பு இது: ஏன் என்னை உதைத்தாய் என்று நான் கேட்டேன், 'போர்கே து எரெஸ் நெக்ரோ', 'ஏனென்றால் நீ கருப்பன்' என்று அவன் சொன்னான். சுவாரஸின் தரப்பு: 'போர் கே, நெக்ரோ?', 'ஏன்ப்பா கருப்பா?' என்று ஒரே ஒரு முறை கேட்டேன், அவ்வளவுதான். 'ஏன்' என்பதும் 'ஏனென்றால்' என்பதும் ஸ்பானியத்தில் காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதில் மட்டும் வேறுபாடு. நடுவில் 'து எரெஸ்' இருந்ததா, இல்லையா? இருந்தால் அது வசை. இல்லையென்றால் வெறும் விளி. உருகுவேக்காரர் 'எரெஸ்' என்பதைவிட 'சோஸ்' என்பார் என்ற வாதமும் வெளியே எழுந்தது. சுவாரஸுக்குப் பாதகமாகப் போனது அவருடைய சொந்த அணிக்காரர்களின் சாட்சியம். சுவாரஸே தங்களிடம் சொன்னதாக லிவர்பூல் நிர்வாகி தாமியேன் கொமோல்லியும், டச்சு மொழியில் அவரோடு பேசிய டிர்க் கெயுட்டும் கொடுத்த வடிவங்கள் எவ்ரா சொன்னதன் பக்கம் சாய்ந்தன.

எவ்ராவும் முதலில் தவறாகத்தான் புரிந்துகொண்டார். ஸ்பானிய நெக்ரோவை ஆங்கிலத்தின் மிகக் கொடிய அந்த இழிசொல்லுக்கு நிகரானது என்று எண்ணி, நடுவரிடமும் அப்படியே முறையிட்டிருக்கிறார். பிறகு பொருளைத் தெரிந்துகொண்டு திருத்தினார். ஆணையம் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளவில்லை.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் லத்தீன் அமெரிக்க ஆய்வாளர்கள் பீட்டர் வேடும் ஜேம்ஸ் ஸ்கோரரும் கொடுத்த கருத்துதான் எனக்கு அந்த அறிக்கையின் மையம். சுவாரஸ் சொல்வது உண்மையானால் அந்தச் சொல் உருகுவேயில் பொதுவாகப் புண்படுத்தாது. எவ்ரா சொல்வது உண்மையானால் அது உருகுவேயிலும் இனவெறி வசைதான். அதாவது, 'எங்கள் ஊரில் இது செல்லப் பெயர்' என்ற வாதம் உருகுவேக்கு உள்ளேயே எல்லா நேரமும் செல்லுபடியாகாது. யாரிடம், எந்த முகபாவத்தோடு, எந்த உறவில் சொல்கிறாய் என்பதை அங்கேயும் பார்ப்பார்கள். முன்பின் பழக்கமில்லாத எதிரணி வீரரிடம் சண்டைக்கு நடுவே, அவர் தோலைக் கிள்ளிவிட்டு, 'கருப்பா' என்று சொல்வதில் எந்த ஊர்ச் செல்லமும் கிடையாது. அந்தச் சொல்லை சுவாரஸ் ஏழு முறை சொன்னார் என்று ஆணையம் முடிவுசெய்தது. 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்ட் அபராதம். விரிவான காரணங்கள் வெளியானது 2011 டிசம்பர் 31.

கவானியின் பதிவு இதற்கு நேர் எதிர்முனை. எதிராளி இல்லை, சண்டை இல்லை. வாழ்த்து வந்தது, நன்றி போனது.

உருகுவேயிலும் ஒரே குரல் இல்லை

இந்த இடத்தில் எழுத்துக் கழகத்தின் அறிக்கையோடு எனக்கு உடன்பாடு முறிகிறது. அவர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. உருகுவே மக்களில் சுமார் 8 விழுக்காட்டினர் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. 1791 முதல் மோன்தேவிதேயோ அடிமைகளை இறக்க அனுமதி பெற்ற துறைமுகமாக இருந்தது. அவர்களின் முன்னோர் பலர் அந்த வழியாக வந்தவர்கள். கவானி வழக்குக்குப் பல ஆண்டு முன்பே, 2013இல், மோன்தேவிதேயோவின் ஆப்ரோ-உருகுவே பண்பாட்டு இல்லம் 'மொழியிலிருந்து இனவெறியை அழிப்போம்' என்று ஓர் இயக்கம் நடத்தியது. 'நெக்ரோவைப் போல உழைப்பது' என்றால் மாடாய் உழைப்பது என்று பொருள் தரும் ஸ்பானிய மரபுத்தொடரை அகராதியிலிருந்து எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தொடரில் இருக்கும் நெக்ரோ செல்லப் பிள்ளை இல்லை. சாட்டையடிக்குக் கீழே நின்ற மனிதர். அக்கரையில் புவனோஸ் ஐரஸிலோ, 1940களில் உள்நாட்டு மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்களைக் 'கருந்தலைகள்' என்று மேட்டுக்குடியினர் இகழ்ந்தார்கள். அங்கே அந்தச் சொல் வர்க்கத்தின் வசை.

ஒரே நாட்டில், ஒரே சொல் படுக்கையறையில் கொஞ்சல், மைதானத்தில் பட்டம், முதலாளி வாயில் இகழ்ச்சி. கொஞ்சலை மட்டும் எடுத்துக்காட்டி 'எங்கள் பண்பாடு' என்று முழுச் சொல்லுக்கும் சான்றிதழ் தருவது, அந்தச் சொல்லால் அடிபட்டவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது.

அதே ஆண்டு, வேறு ஊர்கள்

கவானி பதிவுக்கு ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று பாரிஸில் பி.எஸ்.ஜி.க்கும் இஸ்தான்புல் பஷாக்ஷெஹிர் அணிக்கும் ஆட்டம். ருமேனிய நடுவர் குழுவின் நான்காவது அதிகாரி செபாஸ்டியன் கோல்ட்செஸ்கு, துருக்கி அணியின் உதவிப் பயிற்சியாளர் பியேர் வெபோவைச் சக நடுவருக்கு அடையாளம் காட்ட 'அந்த நெக்ரு' என்றார். ருமேனியத்தில் நெக்ரு என்பது கருப்பு நிறத்துக்கான சாதாரணச் சொல். இரு அணிகளும் மைதானத்தைவிட்டு வெளியேறின. ஆட்டம் மறுநாள்தான் நடந்தது. அன்று துருக்கி அணியின் கருப்பின வீரர் டெம்பா பா அந்த அதிகாரியிடம் கேட்ட கேள்வி ஒலிவாங்கியில் பதிவானது: ஒரு வெள்ளைக்காரரைக் குறிக்கும்போது 'அந்த வெள்ளையன்' என்று சொல்வாயா? 'அந்த ஆள்' என்றுதானே சொல்வாய்? சொல்லின் அகராதிப் பொருளை அவர் தொடவே இல்லை. யாருக்கு மட்டும் நிறம் அடையாளமாகிறது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் யாரை வைத்தாலும் அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

நம் பக்கத்திலும் அதே ஆண்டு ஜூனில் ஒன்று நடந்தது. மேற்கிந்தியத் தீவுகள் அணியின் முன்னாள் தலைவர் டேரன் சாமி, 2013, 2014 ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் தன்னையும் இலங்கையின் திசர பெரேராவையும் 'காலூ' என்று கூப்பிட்டதாக வெளிப்படுத்தினார். வலிமையான குதிரை என்பதுபோல் ஏதோ பாராட்டு என்று எண்ணி அத்தனை நாளும் சிரித்திருக்கிறார். இந்தியில் கருப்பன் என்று பொருள் எனத் தெரிந்ததும் கோபம் வந்தது. அணி வீரர் ஒருவர் 2014இல் பதிந்த படத்தின் கீழேயே அந்தச் சொல் இருந்தது. கடைசியில் பழைய தோழர் ஒருவர் பேசி, அன்பில்தான் சொன்னோம் என்று உறுதியளித்ததாகவும் அதை நம்புவதாகவும் சாமி அறிவித்தார். தடையும் இல்லை, அபராதமும் இல்லை. ஆனால் பொருள் தெரியாத ஒருவரை அவர் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டுவிட்டுக் கூடச் சேர்ந்து சிரிப்பதைச் செல்லம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. செல்லப் பெயர் என்றால் அழைக்கப்படுபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கவானியின் நண்பருக்குத் தெரிந்திருந்தது, சாமிக்குத் தெரியவில்லை. என் கணக்கில் கவானியின் நெக்ரித்தோவைவிட ஹைதராபாத் காலூவின் குற்றம் பெரியது.

தமிழில் இதைப் புரியவைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கருப்பசாமி நமக்குக் குலதெய்வம், கருத்தம்மாள் பாட்டி பெயர், 'டேய் கருப்பா' பள்ளித் தோழனின் குரல். 'கருவாயா' என்றால் கைகலப்பு. பெண் பார்க்கப் போய்விட்டு வந்து 'பொண்ணு கொஞ்சம் மாநிறம்' என்று இழுப்பவர் என்ன சொல்கிறார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கிரெக் கிளார்க்கின் பதவியைப் பறித்த அதே சொல்லை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம்: 'பையன் நல்ல கலர்' என்றால் வெளுப்பு. தென்னாப்பிரிக்காவின் 1950 மக்கள் பதிவுச் சட்டத்தில் 'கலர்ட்' என்பது ஓர் இனப்பிரிவின் அதிகாரபூர்வப் பெயர். டர்பனில் வேலைக்குப் போகும் மதுரைக்காரர் ஒருவர் தன் ஊர்ப் பொருளில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தீர்ப்பைப் பற்றி

கவானியின் நோக்கத்தில் இனவெறி இல்லை என்பதை ஆணையம் ஏற்றது. ஆனால் சங்கத்தின் ஈ3 விதி நோக்கத்தைக் கேட்பதில்லை. சொன்னது இழிவுபடுத்துவதாக இருக்கிறதா, அதில் நிறமோ இனமோ குறிக்கப்படுகிறதா என்று மட்டுமே கேட்கிறது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். நோக்கத்தை அளவுகோலாக வைத்தால் ஒவ்வொரு சுவாரஸும் 'பாசத்தில் சொன்னேன்' என்று நடையைக் கட்டுவார். மேலும் ஸ்டோரி என்பது இருவர் பேச்சு அல்ல; இங்கிலாந்துக் கிளப்பின் வீரராக உலகத்துக்குக் காட்டிய பலகை அது. பதிவை நீக்கச் சொன்னது சரி.

பிசகு தண்டனையில்தான். 2019இல் பெர்னார்டோ சில்வா, கருப்பினச் சக வீரர் பெஞ்சமின் மென்டியின் சிறுவயதுப் படத்தை ஸ்பெயினின் கொங்கீத்தோஸ் சாக்லேட் உறையில் இருக்கும் கருந்தோல் பொம்மையோடு ஒப்பிட்டு ட்விட்டரில் போட்டார். அதற்கு 1 ஆட்டத் தடையும் 50,000 பவுண்ட் அபராதமும் விதித்தார்கள். அதன்பின் வழிகாட்டுதல் இறுக்கப்பட்டு, சமூக ஊடகப் பதிவானாலும் குறைந்தது 3 ஆட்டம் என்று அடித்தளம் போடப்பட்டது. ஆகவே கவானியின் ஆணையம் அவர் சொன்னதை முழுவதும் நம்பியபோதும் 3க்குக் கீழே இறங்க வழியில்லை. நம்பிக்கையைத் தண்டனையில் காட்ட முடியாத விதி, பயிற்சி மட்டும் போதும் என்று சொல்லக்கூடிய வழக்கிலும் முத்திரை குத்தவே செய்யும். உருகுவேயில் எழுந்த ஆத்திரத்தில் பாதி அந்த முத்திரைக்காக.

இன்னொரு கேள்வி கிளப்பைப் பார்த்து. எவ்ரா ஆடிய கிளப் மான்செஸ்டர் யுனைடெட். ஸ்பானியச் சொல் ஒன்று இங்கிலாந்தில் என்ன செய்யும் என்று 115 பக்கத்தில் எழுதப்பட்டபோது முறையிட்டவர் அவர்களுடைய வீரர். ஒன்பது ஆண்டு கழித்து அதே சால்ட்டோவிலிருந்து வந்த ஒருவரை 2020 அக்டோபர் 5 அன்று ஒப்பந்தம் செய்கிறார்கள். இத்தாலியிலும் பிரான்ஸிலும் 13 ஆண்டு ஆடிய அவர் இங்கிலாந்தில் கால் வைப்பது முதல் முறை. தன் சொற்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளப்படும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை என்று கிளப்பின் அறிக்கையே சொன்னது. மருத்துவப் பரிசோதனை நடந்த வாரத்திலேயே ஸ்பானியம் தெரிந்த ஒருவர் எவ்ரா வழக்கை அவருக்கு அரை மணி நேரம் விளக்கியிருக்கலாம். கால்பந்துச் சங்கம் தண்டனையோடு சேர்த்து விதித்த அந்தப் பயிற்சி, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய நாளிலேயே நடந்திருக்க வேண்டியது.